ஹேஸ்பராவுக்குப் பேருந்து பேசுவதற்கு முன்: சுற்றுலாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோடைச் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல நினைத்ததை என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை. வடை ஆறுகிறது என்று எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். குழுவில் இல்லாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இந்த வருடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் வேண்டாம், ஒரே கூட்டம், புதிதாக ஓர் ஊர் பார்ப்போம் என்று பேச்சு வந்தது. யாரோ ஹாப்பிஸ்பர்க் என்றார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரை விளக்கத்தின் படம் கைக்குக் கை போனது. பொருளாளர் உடனே இரண்டு பெரிய பேருந்துகளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார். அதற்குள் ஒருவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றுமே இல்லையே! ஒரு பப், ஒரு சர்ச், ஒரு டாய்லெட்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. நார்விச்சுக்குக் குடிவந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நான் போய்வரும் ஊர் அது. அந்த ஒரு பப்பும், ஒரு சர்ச்சும், குறிப்பாக அந்த ஒரு டாய்லெட்டும் இன்னும் அங்கே இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, போகலாமா, எத்தனை பேர் போகலாம் என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்தால் ஹாப்பிஸ்பர்க். ஊர்க்காரர்கள் சொல்வது ஹேஸ்பரா. நாம் திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆனதற்கு வருத்தப்படுகிறோம். இங்கே இவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே பாதி விழுங்கிவிட்டார்கள். போகிறபோது ஹேஸ்பரா என்றே சொல்லுங்கள். நார்ஃபோக் கடற்கரையில், நார்விச்சிலிருந்து சுமார் 20 மைல். ரயில் கிடையாது, பக்கத்து ஸ்டேஷன் நார்த் வால்ஷம்.

அடுத்தது அந்தக் கரை. கிளிஃப், அதாவது கடலோரச் செங்குத்து மேடு என்றதும் டோவர் மாதிரி வெள்ளைப் பாறை என்று நினைத்துவிடாதீர்கள். இது பாறையே இல்லை. பனியுகத்துப் பனிப்பாளங்கள் விட்டுப்போன களிமண்ணும் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகக் குவிந்த மண்மேடு. கீழே அலை அடியை அரிக்கிறது. மேலே மழைநீர் உள்ளே இறங்கி மண்ணை ஊறவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஈரமான அதிரசம் உடைகிற மாதிரி பாளம் பாளமாகச் சரிகிறது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1958-59 வாக்கில், ஹேஸ்பரா கடற்கரையில் மரத்தடுப்புகளை நட்டார்கள். முப்பது வருடம்போல அவை தாக்குப்பிடித்தன. 1990களில் உடைய ஆரம்பித்தன. உடைந்ததை முழுதாகத் திரும்பக் கட்டவில்லை. செலவுக்கேற்ற பலன் இல்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. காக்கப்படும் வீடுகளின் மதிப்பையும் தடுப்பின் செலவையும் தராசில் வைத்துப் பார்க்கிற கணக்கு அது. சிறிய ஊர் எப்போதும் அதில் தோற்கும்.

அப்புறம் நடந்தது பீச் ரோடு. பெயரே கடற்கரைச் சாலை. இருபது வருடத்துக்குள் 30க்கும் மேற்பட்ட வீடுகள் கடலுக்குப் போயின. ஒரே புயலில் அடித்துக்கொண்டு போகவில்லை. முதலில் தோட்டத்து வேலி, அடுத்த குளிர்காலம் தோட்டம், அதற்கடுத்த வருடம் சமையலறைச் சுவருக்கு நாலடி தள்ளி விளிம்பு. நம்மில் பலருக்கு தனுஷ்கோடி நினைவுக்கு வரும். அது 1964 டிசம்பரில் ஓர் இரவு. இது அப்படி இல்லை. தினமும் ஜன்னலைத் திறந்து அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நஷ்டம். எது கொடுமை என்று ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடல்கோள் என்ற ஒற்றைச் சொல்லில் இது அடங்காது.

இதில் நம் ஆட்களுக்கு நம்பவே கடினமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கடல் அரித்து வீடு போனால் நஷ்டஈடு கிடையாது. இடிப்புச் செலவுக்கு ஒரு சிறு உதவித்தொகை உண்டு, அவ்வளவுதான். 2009இல் அரசாங்கம் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் கொண்டுவந்தது. நார்த் நார்ஃபோக் மாவட்ட கவுன்சிலுக்கு சுமார் 30 லட்சம் பவுண்டு கிடைத்தது. அதில்தான் பீச் ரோட்டில் விளிம்பில் தொங்கிய ஒன்பது வீடுகளை கவுன்சில் விலைகொடுத்து வாங்கி, இடித்து, அவற்றுக்குப் பதிலாக உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொள்ள வழிசெய்தது. கார் நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் உள்ளே தள்ளிக் கட்டியதும் அதே திட்டத்தில்தான்.

ஆம், நாம் சிரித்தோமே, அதே டாய்லெட். அது கடலிடமிருந்து பின்வாங்கி வந்த டாய்லெட். ஊரில் இருக்கும் வசதிகளை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுங்கள். அங்கே ஒரு வசதி இருப்பதே இன்னொரு முறை இடம்பெயரத் தயாராக இருப்பதுதான். உயிர்காப்புப் படகு கூட அப்படித்தான். பீச் ரோடு பக்கம் படகு இறங்கும் சரிவுப்பாதை 2000களின் தொடக்கத்தில் அலையில் போனது. படகை ஒன்றரை மைல்போலத் தள்ளி கார்ட் கேப் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். காரவன் பூங்காவையும் உள்ளே நகர்த்த வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் வயிற்றெரிச்சல். வடமேற்கே சில மைலில் பேக்டன் இருக்கிறது. வடகடல் எரிவாயு கரையேறும் முனையம் அங்கேதான். 2019 கோடையில் அந்த முனையத்தைக் காக்க 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் வால்காட் கிராமத்துக்கும் அதனால் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல காரியம்தான், நம் வீட்டு அடுப்பும் அந்த வாயுவில்தான் எரிகிறது. கடலோட்டம் மணலைத் தென்கிழக்காக நகர்த்துவதால் அதில் கொஞ்சம் ஹேஸ்பராவுக்கும் வந்து சேரும். பந்தியில் அடுத்த இலைக்குப் பரிமாறும்போது சிந்துவது மாதிரி.

சரி, கலங்கரை விளக்கத்துக்கு வருவோம். எல்லோருக்கும் படம் பிடித்தது அதைத்தானே.

1789 குளிர்காலத்தில் ஒரு பெரும் புயலில் நார்ஃபோக் கரையோரம் 70 கப்பல்களும் 600 மாலுமிகளும் போனதாகச் சொல்கிறார்கள். கரையிலிருந்து சில மைல் தூரத்தில், கடலுக்கடியில், ஹேஸ்பரா பெயரையே தாங்கிய நீளமான மணல்திட்டு ஒன்று இருக்கிறது. கப்பல்களுக்கு அதுதான் எமன். புயலுக்குப் பிறகு 1790இல் இரண்டு விளக்குக் கோபுரங்கள் கட்டினார்கள், மேல் விளக்கு, கீழ் விளக்கு என்று. கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு இரண்டு விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் அவன் பத்திரமான வழியில் இருக்கிறான் என்று அர்த்தம். 1883இல் மண்ணரிப்புக்குப் பயந்து கீழ் விளக்கை இடித்துவிட்டார்கள். அதாவது இந்த ஊர் பின்வாங்குவது நேற்று ஆரம்பித்த கதையில்லை. தனியாக நின்ற மேல் விளக்கை வேறு கோபுரங்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க மூன்று சிவப்புப் பட்டைகளை அடித்தார்கள். கைபேசியில் அழகாகத் தெரிகிற அந்தப் பட்டைகள் அழகுக்காக அடித்தவை அல்ல, அடையாளத்துக்காக.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்பு, இதை 1988இல் அணைத்துவிடப்போவதாகச் சொன்னது. கப்பல்களில் நவீனக் கருவிகள் வந்துவிட்டன, இனி இது தேவையில்லை என்பது காரணம். ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. விளக்கை நாங்களே நடத்துகிறோம் என்று நின்றார்கள். ஆனால் சட்டப்படி ஒரு கிராமம் கலங்கரை விளக்கம் நடத்த முடியாது. அதற்காக பாராளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டமே இயற்றவைத்தார்கள், 1990இல். ஹேஸ்பராவின் விளக்குக்கென்றே ஒரு சட்டம்! அன்றிலிருந்து இன்றுவரை ஓர் அறக்கட்டளை நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் அதை நடத்துகிறது. பிரிட்டனில் இப்படித் தனியாக நடக்கும் ஒரே கலங்கரை விளக்கம் இதுதான். கிழக்கு ஆங்கிலியாவில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகளில் மிகப் பழையதும் இதுவே. 30 வினாடிக்கு ஒருமுறை மூன்று வெள்ளை மின்னல், 14 கடல் மைல் வரை தெரியும்.

நம் சங்கத்துக் கழிவறைக் குழாயை மாற்ற மூன்று கூட்டம் போட்டோம் என்பதை இங்கே நினைவுபடுத்த மாட்டேன்.

கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை நாட்களிலும் மட்டும்தான் உள்ளே ஏறிப் பார்க்கலாம். 85 அடிக் கோபுரம். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். நீங்கள் நினைத்திருப்பது சனிக்கிழமை. சனிக்கிழமை போனால் மூடிய கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். டிக்கெட் காசு விளக்கை எரியவைக்கும் காசு என்பதால், திறந்திருக்கும் நாளில் போவதே முறை.

சர்ச்சைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. செயின்ட் மேரீஸ், 110 அடிக் கோபுரம், பதினைந்தாம் நூற்றாண்டு வேலைப்பாடு. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களுக்கு அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் வடக்குப் பக்கம் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1801 மார்ச் 16, ஹெச்.எம்.எஸ். இன்வின்சிபிள் என்ற 74 பீரங்கிப் போர்க்கப்பல் யார்மத்திலிருந்து பால்டிக் போருக்குக் கிளம்பி, இங்கே மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. இன்வின்சிபிள் என்றால் வெல்ல முடியாதது என்று பொருள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையொதுங்கிய உடல்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே குழியில் புதைத்தது இந்த ஊர். அந்த இடமே மறந்துபோய், 1988இல் வடிகால் தோண்டும்போது பலரின் எலும்புகள் கிடைத்தன. பத்து வருடம் கழித்து ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். விளக்கை அணைக்க நாள் குறித்திருந்ததும் அதே 1988. இது தற்செயல்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பப்பின் பெயர் ஹில் ஹவுஸ், பழைய சத்திரம். துப்பறியும் கதைகளுக்குப் பெயர்போன எழுத்தாளர் ஒருவர் 1903இல் அங்கே தங்கியதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1930களின் தொடக்கத்தில் சிற்பிகள் ஹென்றி மூரும் பார்பரா ஹெப்வர்த்தும் இங்கே விடுமுறைக்கு வந்து, கரையில் ஒதுங்கிய இரும்புக்கல் கூழாங்கற்களைப் பொறுக்கிச் சிற்பம் செய்தார்கள். ஆகவே, கல் பொறுக்குகிற பிள்ளைகளை "சீ, போடு கீழே" என்று அதட்ட வேண்டாம்.

கல் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2000ஆம் ஆண்டு, நாயோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் கறுப்பாக ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி, சுமார் 5 லட்சம் வருடம் பழையது. நம் நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து தோண்டியவர்களுக்கு இன்னும் பழைய கற்கருவிகள் கிடைத்தன. 8 லட்சம் வருடத்துக்கும் மேல் என்று 2010இல் அறிவித்தார்கள். வடக்கு ஐரோப்பாவில் மனிதன் இவ்வளவு முன்பே இருந்தானா என்று உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு 2013 மே மாதம். அலை மணலை அள்ளிக்கொண்டு போனதில், அடியிலிருந்த பழைய வண்டல்தரை வெளியே தெரிந்தது. அதில் சுமார் ஐம்பது குழிகள். காலடிகள்! குதிகால், பாதத்தின் வளைவு, ஒன்றிரண்டில் விரல்கள் கூட. குறைந்தது ஐந்து பேர், அதில் குழந்தைகளும் உண்டு என்று அளந்து சொன்னார்கள். எட்டரை லட்சம் முதல் ஒன்பதரை லட்சம் வருடங்களுக்கு முன்பு, அன்றைய தேம்ஸ் நதி இந்தப் பக்கமாகக் கடலில் கலந்துகொண்டிருந்த காலத்தில், அந்தச் சேற்றில் நடந்துபோனவர்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே, அன்றைய தேதியில் தெரியவந்த மிகப் பழைய மனிதக் காலடிகள் அவை. மழையிலும் அலையிலும் நின்றுகொண்டு, பல கோணங்களில் படம் எடுத்து, முப்பரிமாண மாதிரி தயாரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கடல் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே நின்றால் கடலும் மணலும்தான் தெரியும். ஆனால் வீட்டைத் தின்கிற அதே கடல்தான் காலடியைத் திறந்து காட்டியது. தடுப்பு முழுதாக இருந்திருந்தால் பீச் ரோடு மிஞ்சியிருக்கலாம். காலடிகள் யாருக்கும் தெரியாமலே கிடந்திருக்கலாம். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று அந்த மண்மேட்டில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன். வீடு இழந்தவரிடம் போய் "ஆனாலும் காலடி கிடைத்ததே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக்கூடாது.

இப்போது நடைமுறை.

இரண்டு பெரிய பேருந்து வேண்டவே வேண்டாம். ஆயிரம் பேருக்குள் வசிக்கும் ஊர். ஒடுங்கிய கிராமத்துச் சாலைகள். நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் அந்த ஒரு கழிப்பறைக்கு முன்னால் நிற்கும் வரிசை பீச் ரோட்டின் முனை வரைக்கும் போகும், அந்த முனைக்கு அப்பால் இப்போது சாலை கிடையாது. இருபது இருபத்தைந்து பேராக ஒரு சிறு வண்டியில் போவோம். விருப்பமுள்ளவர்கள் அதிகமானால் இரண்டு தடவையாகப் பிரிந்து போவோம்.

சாப்பாட்டு விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அண்டாவில் பிரியாணி கட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு தேநீர்கூடக் குடிக்காமல், குப்பையை மட்டும் விட்டுவிட்டு வருவது நம் வழக்கமான பாணி. இந்த முறை மதியச் சாப்பாட்டைப் பப்பில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் சாப்பிடுவோம். சைவக்காரர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நான் கேட்டுச் சொல்கிறேன். சாயங்காலத் தேநீருக்கு கார்ட் கேப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தில் கடை இருக்கிறது. கார் நிறுத்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் ஊர்க்காரர் வீட்டு வாசலில் வண்டியைச் செருக வேண்டாம்.

மண்மேட்டின் விளிம்பில் செல்ஃபி கிடையாது. நிற்கிற இடத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. கீழே மேட்டின் அடியில் நிழல் தேடி உட்காருவதும் கூடாது. கோடையில் அந்தச் செங்குத்து மண்ணில் பொந்து குடைந்து மணல் தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருக்கும். தூரத்திலிருந்து பாருங்கள், கல் எறிந்து கிளப்ப வேண்டாம். பிள்ளைகள் தரையில் கிடப்பதைப் பொறுக்கட்டும், மேட்டைக் குடைய வேண்டாம். வினோதமான கல் கிடைத்தால் கிடைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் காட்டலாம். கடற்கரைக்கு இறங்கும் பாதை நிலைமை வருடா வருடம் மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வேன். ஓதம் ஏறி இறங்கும் நேரமும் பார்த்துவைக்கிறேன். ஓதம் ஏறும்போது மேட்டுக்கும் கடலுக்கும் இடையே மாட்டிக்கொள்ளக்கூடாது.

குளித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு சில மைல் தெற்கே சீ பாலிங் இருக்கிறது. நல்ல மணல், கரைக்கு வெளியே அலையைத் தணிக்கப் போட்ட கல்திட்டுகள், கோடையில் உயிர்காப்பாளர்கள். மதியத்துக்குப் பிறகு அங்கே போய்விடலாம். ஐஸ்கிரீமும் அங்கேதான்.

இதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய தொந்தரவாக இருக்கிறது, யார்மத்துக்கே போகலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், எனக்கு வருத்தமில்லை. யார்மத் நம் கூட்டத்தைத் தாங்கும். ஹேஸ்பராவுக்குப் போவதென்றால் மேலே சொன்னபடி போவோம். "அங்கே ஒன்றுமே இல்லையே" என்றவர் வந்தால் முன் இருக்கை அவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள். கலங்கரை விளக்கம் திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை எது என்று பார்த்து வண்டி பேசிவிடுகிறேன். வழியில் கொறிக்க முறுக்கு என் பொறுப்பு; திரும்பி வரும்போது காலி டப்பாவும் என் பொறுப்பு.

அன்புடன்,
நார்விச்சிலிருந்து உங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவர்